குழந்தைக்குச் சுகமில்லாத இரவு: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களை மாதந்தோறும் படித்துப் பார்ப்பது செயலாளர் என்ற முறையில் என் வேலை. மழைக்காலம் தொடங்கினால் குழந்தைகளுக்கான விண்ணப்பங்கள் கூடிவிடும். பேதி, காய்ச்சல், சளி இருமல் இந்த மூன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். உதவித்தொகை கொடுக்கிறோம், அது நம் கடமை. ஆனால் விவரம் கேட்கும்போது சில குழந்தைகள் விஷயத்தில், முதல் நாளே வீட்டில் சரியாகக் கவனித்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காதே என்று மனம் வருந்துகிறது. வேறு சில குழந்தைகள் விஷயத்தில் நேர்மாறு. வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாத நிலையில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்திருப்பார்கள்.

நம் ஊரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டு மலைப்பாதைகளில் ஒன்று குப்பனூர் வழியாகப் போகிறது. மேலே எஸ்டேட் வேலையில் இருக்கும் குடும்பங்கள் கடைசி பஸ் போன பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வளைவு வளைவாக இறங்கி வரவேண்டும். கீழே இருக்கும் நமக்கும் பெரிய மருத்துவமனை என்றால் அயோத்தியாப்பட்டினம் தாண்டி சேலத்துக்குத்தான் போகவேண்டும். ஆகவே முதல் சில மணி நேரம் குழந்தைக்கு மருத்துவர் தாயும் தகப்பனும்தான். அந்த நேரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் புறப்பட வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவர்களிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டறிந்ததைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் பட்டு அறிந்ததும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

என் மூத்த மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. இரவு இஷாவுக்குப் பிறகு பேதி ஆரம்பித்தது. வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய அந்தப் பொட்டலத்தை நான் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். கெட்டியாக இருந்தால் சத்து அதிகம் என்பது என் நினைப்பு. பொட்டலத்தின் மேல் அளவு அச்சிட்டிருந்தது. மதரஸாவிலும் கல்லூரியிலும் படித்த எனக்கு அதைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. குழந்தை குடித்தான், குடித்தபின் இன்னும் தாகம் தாகம் என்று அழுதான். விடியும்போது துவண்டு கிடந்தான். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு தண்ணீரில் கலக்கினீர்கள்?” என்பதுதான். உடம்பில் உப்பு அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்றார். இரண்டு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்ட துஆக்களை அல்லாஹ் அறிவான். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான். இன்று அவனே இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன்.

மருந்து கையில் இருந்தும் அளவு தெரியாததால் வந்த ஆபத்து இது. ஆகவே இந்தக் கட்டுரையில் அளவுகளைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

1. வயிற்றுப்போக்கு

பேதியில் குழந்தையின் உயிருக்கு ஆபத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் நீர்ச்சத்தும் உப்பும் வெளியேறிப் போவதுதான். அதனால் “தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போடு” என்று நம் நன்னிமார்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம். போகப் போக ஈடு கட்டவேண்டும்.

வெறும் தண்ணீரைவிட ஓ.ஆர்.எஸ். ஏன் சிறந்தது? குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து வரும்போது சிறுகுடலின் சுவர் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்கிறது, அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகிறது. கடும் பேதியின்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு வந்தபோது பங்காவ் என்ற எல்லை ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. அவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். 100 பேரில் சுமார் 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4-க்கும் கீழே குறைந்தது. அவர் 2022-ல் காலமானார். மறு ஆண்டு அரசு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கியது. அந்த முகாமில் மருந்து ஊட்டியது பெரும்பாலும் தாய்மாரும் தகப்பன்மாரும்தான். அதே வேலையை நாமும் வீட்டில் செய்யமுடியும்.

கலக்கும் முறை:

* பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் தண்ணீர் அளவை முதலில் படியுங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு, சிறியது 200 மி.லி.க்கு. இரண்டும் கடையில் கிடைக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.
* கையை சோப்பு போட்டுக் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அளந்து எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை இதற்கென்றே கழுவி வைத்துக்கொண்டால் அளவு தவறாது.
* முழுப் பொட்டலத்தையும் ஒரே நேரத்தில் கலக்குங்கள். பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்று பிரிக்காதீர்கள்.
* சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் சேர்க்காதீர்கள். கலக்கிய பிறகு கொதிக்க வைக்காதீர்கள்.
* 24 மணி நேரம் கழித்து மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

கொடுக்கும் அளவு: 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதி போனபின் 50 முதல் 100 மி.லி. வரை. 2 வயதுக்கு மேல் 100 முதல் 200 மி.லி. வரை. மடமடவென்று குடிக்க விடாமல் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக மீண்டும் ஆரம்பியுங்கள். ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டான் என்று நிறுத்திவிடாதீர்கள்.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய சிறு கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும், அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பு கூடிவிடக்கூடாது. வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர், நீர்மோர் இவையும் நல்லவை.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, வழக்கத்தைவிட அதிகத் தடவை கொடுங்கள். சாப்பிடும் குழந்தைக்குக் குழைந்த சோறு, பருப்பு, இட்லி, வாழைப்பழம், தயிர் கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடல் ஆற நாளாகும்.

ஓ.ஆர்.எஸ். உடன் ஜிங்க் மாத்திரையும் முக்கியம். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. மாத்திரை ஒன்று, 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு அரை மாத்திரை. கரண்டியில் தாய்ப்பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ கரைத்து, 14 நாட்கள் கொடுக்கவேண்டும். மூன்றாம் நாளே பேதி நின்றுவிட்டாலும் 14 நாட்களை முடியுங்கள். அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வருவதை அது குறைக்கிறது. ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்.

பேதியை நிறுத்துவதற்கென்று பெரியவர்கள் போடும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். குடலின் அசைவை அது நிறுத்திவிடும், வயிறு உப்பி ஆபத்தாகும்.

இன்னொரு எச்சரிக்கை. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய பழச்சுவைப் பானங்கள் அட்டைப்பெட்டிகளில் மருந்துக்கடைகளிலேயே விற்றுவந்தன. அவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு குறைவு. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இத்தகைய பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவிட்டது. என் பேரனுக்குப் பேதி வந்தபோது என் மகன் வாங்கி வந்ததும் இப்படி ஒரு பெட்டிதான். நல்லவேளை, என் பழைய அனுபவம் என்னை அதன் எழுத்துகளைப் படிக்க வைத்தது. கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி உள்ள பொட்டலம் என்று கேட்டு வாங்குங்கள். 1 லிட்டர் பொட்டலத்தின் எடை 20.5 கிராம்.

2. காய்ச்சல்

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் காய்ச்சல். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பாரசிட்டமால் மருந்தை வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கொடுக்கவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே மருந்து மூன்று விதமாக வருகிறது. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. கொடுக்கவேண்டும் என்றால்,

* 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி.
* 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி.
* 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மி.லி. மட்டும்.

சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து ஒரு மூடி, அதாவது 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் ஈரல் கெட்டுவிடும். ஆகவே அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது குழந்தையை எடை போட்டு, “இந்த பாட்டிலில் எத்தனை மி.லி.?” என்று கேட்டு பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கொடுத்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். தாய் ஒரு தடவை, அது தெரியாமல் நன்னிமா ஒரு தடவை என்று இரட்டிப்பாவது இதனால் தடுக்கப்படும். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது. டெங்கு சந்தேகம் உள்ள நாட்களில் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மருந்துகளும் கூடாது.

மேலே ஏற்காட்டில் குளிர் அதிகம். காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஸ்வெட்டர், தொப்பி, இரண்டு கம்பளி என்று சுற்றிவிடுகிறோம். உடம்பின் சூடு வெளியேற வழியில்லாமல் போகிறது. மெல்லிய துணி ஒன்று, தேவையானால் மேலே ஒரு போர்வை போதும். துடைத்து எடுப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடையுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

டெங்கு பற்றி ஒரு சொல். மூன்று நான்கு நாள் கழித்துக் காய்ச்சல் விட்டதும் நாம் நிம்மதி அடைகிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, தொடர் வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போதல், அசதி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை.

வலிப்பு வந்தால்: 6 மாதம் முதல் 5 வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனாலும் பதறாமல் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டவேண்டும்.

3. சளி, இருமல்

சாதாரணச் சளி ஒரு வாரம் பத்து நாளில் தானே சரியாகும். மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு, குடிக்க வெதுவெதுப்பான திரவம், நல்ல காற்றோட்டம் இவை போதும். ஆனால் சாதாரணச் சளி எது, நிமோனியா எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, மூச்சுக்கு வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

* 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்
* 2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
* 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த எண்ணிக்கை வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்கவேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ வண்டியை வரவழைத்துவிடுங்கள்.

இருமல் சிரப் விஷயத்தில் 2025-ல் நடந்தது நம் அனைவருக்கும் பாடம். மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறு குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப் நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அதன் பிறகு மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம், 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சளி இருமல் மருந்து கூடாது, 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது. ஆகவே சீட்டு இல்லாமல் கடையில் சிரப் கேட்டு வாங்குவதையும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாங்கிய மிச்சத்தைக் கொடுப்பதையும் விட்டுவிடுவோம்.

நம் வீட்டு வைத்தியங்களில் சிலவற்றையும் சொல்லவேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இருமலுக்கு ஒரு சிறு கரண்டி தேன் நல்லது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளம் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சுத்தமான மலைத்தேன் என்றாலும் இதே எச்சரிக்கைதான். பிறந்த குழந்தைக்குத் தேனில் சேனை வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும். கற்பூரம் கலந்த எண்ணெயைச் சிறு குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் தடவாதீர்கள், கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்கச் செய்தால் வெந்நீர் கொட்டிப் புண்ணாகும். மூச்சுத் திணறும் குழந்தை இருக்கும் அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

4. ஓதிப் பார்த்தலும் மருத்துவமும்

இதை எழுதத் தயங்கினேன், ஆனாலும் சொல்லவேண்டியது. குழந்தை சோர்ந்து கிடந்தால் தொக்கம் எடுக்க, உரம் எடுக்க, ஓதிப் பார்க்க என்று அலைந்து நாள் போய்விடுகிறது. குழந்தைக்காக ஓதுவதை நான் தடுக்கவில்லை, நானும் ஓதுகிறேன். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவரும் நம் நபி (ஸல்) அவர்கள்தான். ஓதுவதை ஆம்புலன்சில் உட்கார்ந்தும் ஓதலாம். தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விட்டாலோ, உரம் எடுக்கிறேன் என்று துணியில் போட்டு உருட்டினாலோ, மூச்சுத் திணறும் குழந்தைக்கு அது உயிராபத்து.

5. எப்போது புறப்படவேண்டும்?

கீழே உள்ளதைக் கத்தரித்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

* பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியவில்லை
* குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறது
* வலிப்பு வந்தது
* எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது
* மூச்சு வேகம், நெஞ்சுக்குழி உள்வாங்குதல்
* கண் குழி விழுதல், அழுதால் கண்ணீர் இல்லை, உச்சிக்குழி பள்ளம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை
* மலத்தில் ரத்தம்
* மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல்

108-க்கு அழைக்கும்போது ஊர், எஸ்டேட் பெயர், பக்கத்தில் தெரிந்த அடையாளம் மூன்றையும் சொல்லுங்கள். மழையில் மண் சரிந்து பாதை மூடியிருந்தால் எந்த வழி திறந்திருக்கிறது என்றும் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104. போகும் வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். கரண்டியால் கொடுத்துக்கொண்டே போகலாம், ஆனால் மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கொடுத்த மருந்து பாட்டில், நேரம் குறித்த தாள், தடுப்பூசி அட்டை, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி உடையவை. இன்னும் எடுக்காதவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பம் எழுத உதவுகிறோம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரவில் போகவேண்டி வந்து கையில் வண்டிக்காசு இல்லாவிட்டால், அதற்காகத் தயங்கி நிற்காதீர்கள். முதலில் புறப்படுங்கள், கணக்கைப் பிறகு பேசிக்கொள்வோம். பேச வெட்கமாக இருந்தால் பள்ளிவாசல் முஅத்தினிடம் சொன்னாலும் போதும், எங்களுக்கு வந்து சேரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றே உங்கள் வீட்டில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு தெர்மாமீட்டர், மி.லி. கோடு போட்ட ஓர் அளவு மூடி, ஒரு லிட்டர் பாட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். நான் ஒரு காலத்தில் படிக்காமல் விட்டது அந்த இரண்டு வரிகளைத்தான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஆரோக்கியத்தையும், நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிக்கும் பெற்றோர்களுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்